ஞானஸ்நானச் சால்வை

பாச்சை உருண்டை வாசனை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் என் மருமகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் மல்லிகை பிடிக்கும், சந்தனம் பிடிக்கும். நமக்கு வாய்த்த மாமியாருக்குப் பீரோ வாசனைதான் பிடிக்குமா என்பது அவர்களுடைய கேலி. சிரிக்கட்டும். எனக்கு அந்த வாசனைக்குள் ஒரு மனுஷி இருக்கிறாள். அவள் எங்கள் பெரியம்மா.

திருச்சி பாலக்கரையில், கோயில் மணி அடித்தால் அலமாரியில் இருக்கும் தட்டுகளும் சேர்ந்து அதிருகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருவதால் சொந்தப் பிள்ளைக்கென்று அவரிடம் பேச்சு மிச்சமிருக்காது. அம்மா என்னைத் தெருவில் விளையாட விடமாட்டாள். எனக்குப் பிறகு அவளுக்கு நெடுநாள் பிள்ளை இல்லை; ஒற்றைப் பிள்ளையை வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுத்துவிட அவளுக்கு மனமில்லை. ஆக, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருப்பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடுவதைப் பார்ப்பதுதான் என்னுடைய விளையாட்டு. பேச்சுத் துணைக்குப் பெரியம்மாவை விட்டால் ஆள் கிடையாது.

அவள் அம்மாவுக்கு அக்கா. பெரியப்பா எங்கள் மாதா கோயிலில் கோயில் பிள்ளையாக இருந்தவர். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, சாமியாரின் பூசை உடுப்புகளைப் பத்திரமாக வைப்பது எல்லாம் அவர் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். உடுப்பு வேலை மட்டும் பெரியம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சரிகை பிரிந்ததைத் தைப்பாள். மடித்து அடுக்குவாள். பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புக்குள் பாச்சை உருண்டை வைப்பாள். அவள் விரலிலும் முந்தானையிலும் எப்போதும் அந்த வாசனைதான். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அந்த முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

அவளுக்கென்று இருந்த சொத்து ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு குல்லாய், வெண்ணெய் நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை. அவளுக்கும் ஓர் ஆண் பிள்ளை பிறந்திருந்தது. அந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காகப் பெரியப்பா அந்தச் சால்வையை முன்கூட்டியே வாங்கி, பூசை உடுப்பு அலமாரியிலேயே வைத்துக் காப்பாற்றி, சமயத்துக்கு எடுத்து வந்தாராம். ஞானஸ்நானம் ஆகிக் கொஞ்ச நாளில் பிள்ளைக்குக் காமாலை கண்டது. பிள்ளை போய்விட்டது. சால்வை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெரியம்மா பெட்டியைத் திறந்து, கரைந்து சிறுத்துப்போன உருண்டைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்பாள். கம்பளியைத் தண்ணீரில் போட்டால் சுருங்கிவிடும் என்று அதைத் துவைத்ததே இல்லை. அவள் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் அனுமதி. அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

யுத்த காலம். நல்ல துணி கண்ணில் படுவதே அபூர்வம். அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எனக்குத் தம்பி பிறந்தான். பிரசவம் பார்க்க வையம்பட்டியிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவள் வந்தால் எங்கள் வீட்டுக் கோழிகூடக் கேட்டுவிட்டுத்தான் கூவும். அம்மா படுத்திருந்த அறைக்குள் நான் போகக் கூடாது என்பது அவள் போட்ட முதல் சட்டம்.

குளிருக்குப் பிள்ளையைப் போர்த்த ஒன்றுமில்லை என்று அம்மா முனகியதைக் கேட்டுப் பெரியம்மா உள்ளே போனாள். அறை வாசலில் நின்ற எனக்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல. சால்வையையும் சட்டையையும் குல்லாயையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து அம்மாவின் கட்டிலில் வைத்தாள்.

"இத்தனை நாளா யாருக்காகவோ காத்துக்கிட்டு இருந்துச்சு. உன் புள்ளைக்குப் போடு" என்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஞானஸ்நானத்தன்று தம்பி அந்தச் சால்வைக்குள் ராஜகுமாரன் போல் இருந்தான். சாமியாரே பாராட்டினார். பெரியம்மா அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓரிரு நாளில் தம்பியின் கண் மஞ்சளித்தது. அவன் நனைத்த துணியில் காப்பிக் கறை போலக் கறை. பால் குடிக்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. ஜட்கா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே அவன் உடுப்புகளைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிப் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடையோடு அப்பா என்னையும் கூட்டிப்போனார். லேடி டாக்டர் அப்பாவிடம் இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றில் அப்பாவின் இரத்தம். சிவப்பு அடியில் படிந்து, மேலே தெளிந்த எண்ணெய் மாதிரி இளமஞ்சள் நீர். இன்னொன்று தம்பியுடையது. அதில் மேலே நின்ற நீரும் சிவப்பாக இருந்தது.

"பாருங்க, இரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுவெல்லாம் உடம்புக்குள்ளயே உடையுது. அதான் மஞ்சளும் கறையும். ஏன் உடையுதுன்னுதான் எங்களுக்குத் தெரியலை" என்றார்.

தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் டாக்டர்களை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை. அப்பாவின் இரத்தத்தை எடுத்து, உறையாமல் இருக்க ஏதோ உப்பு மருந்து கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பிக்கு ஏற்றினார்கள். மிச்சத்தை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். தம்பி கண் விழித்தான்; பால் குடித்தான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கே வந்துவிட்டான். வீட்டில் பெரியம்மா, தன் பெட்டியில் பத்திரமாக மடித்து, புது உருண்டை போட்டு வைத்திருந்த சால்வையை எடுத்து மறுபடியும் அவனைப் போர்த்தினாள்.

புது வருஷம் பிறக்குமுன் மறுபடியும் மஞ்சள். மறுபடியும் ஆஸ்பத்திரி. ஐஸ் பெட்டியிலிருந்த பழைய புட்டியை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதிலும் மேல் தண்ணீர் சிவந்திருந்தது.

"ஐஸ்ல வெச்சாலும் ரொம்ப நாள் தாங்காது, அணு நைஞ்சு போய் உடைஞ்சிடும். புதுசாத்தான் எடுக்கணும்" என்று சொல்லி அப்பாவின் கையை மறுபடி நீட்டச் சொன்னார்.

எனக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். புட்டியில் ரொம்ப நாள் வைத்தால் உடையும் என்றால், தம்பியும் அம்மா வயிற்றில் ரொம்ப நாள் இருந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? இந்தக் கண்டுபிடிப்பை அத்தையிடம் சொன்னேன். அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவளிடம் வேறு விளக்கம் தயாராக இருந்தது.

நாங்கள் வேதக்காரர்கள். கண்ணேறு, திருஷ்டி எல்லாம் நம்பக் கூடாதென்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித்தருவார்கள். அத்தைக்கு அது ஒரு தடையே இல்லை. காலையில் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவாள்; சாயந்தரம் கோயிலுக்குப் போய் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பும் வாங்கிவிடுவாள். அன்று சமையலறையில் பெரியம்மா இருக்கிறாள் என்று தெரிந்தே, கூடத்தில் நின்று அப்பாவிடம் சொன்னாள்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. ஆஸ்பத்திரியில இருந்தா தேறுது, வீட்டுக்கு வந்தா வாடுது. இங்க இருக்கிறது அங்க இல்லாதது என்ன? நான் யாரு பேரும் சொல்லலை தம்பி. புள்ளையைப் பறிகொடுத்த கண்ணுக்குப் பசி அடங்காது."

வகுப்பில் விஞ்ஞானப் பாடம் நடத்துகிற அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சமையலறையில் அம்மி நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அரைக்கும் சத்தம் கேட்டது. யாரும் பெரியம்மாவைப் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியத்தை அவள் வைக்கவில்லை. தம்பி வீடு திரும்புகிற நாளுக்கு முந்தின நாள் காலையில், ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவை மட்டும் வாசலுக்கு வரச்சொல்லிப் பார்த்துவிட்டு வந்து, பெட்டியைக் கட்டினாள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வேலை வாங்கித்தர அவளுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சட்டை, குல்லாய், சால்வை எல்லாம் பெட்டிக்குள் போயின. அவள் சாமான் ஒன்றுகூட வீட்டில் தங்கக் கூடாது என்று அத்தை சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

எங்கள் பக்கம் வாசல் தாண்டும்போது யாரும் போறேன் என்று சொல்லமாட்டார்கள். போயிட்டு வரேன் என்பதுதான் வழக்கம். பெரியம்மா அப்பாவிடம், "போறேங்க" என்றாள்.

நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். நானும் வருகிறேன் என்று அழுதேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கும்போது அவள் முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. ஜட்காவில் ஏறியதும் முந்தானையை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம் திரும்புவாள் என்று நின்றேன். வண்டி காவேரிப் பாலத்துச் சாலையில் திரும்பியது, அவள் திரும்பவில்லை.

அவள் போனாள், தம்பி பிழைத்தான். வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்கு மஞ்சள் வரவேயில்லை. பார்த்தாயா என்று அத்தை கேட்டாள். பார்த்தோம். ஊரே பார்த்தது. அதற்குமேல் சாட்சி எதற்கு? அம்மாகூட நாளடைவில் நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு வீட்டையே யாரோ தூக்கிப்போன மாதிரி இருந்தது. எல்லோரும் தம்பியைச் சுற்றி நின்றார்கள். நான் பெட்டி இருந்த மூலையில் போய் உட்கார்ந்து, சிமெண்டுத் தரையில் மூக்கை வைத்து மோந்துபார்ப்பேன். சில நாள் இருந்தது. பிறகு வாசனையும் போய்விட்டது. அறுவடைக்கு அறுவடை, பெரியம்மா சொல்லியனுப்பி, மண்ணச்சநல்லூர் ஆள் ஒருவர் வந்து தம்பி சுகமா என்று விசாரித்துப் போவார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் பெரியம்மா செத்துப்போனாள். கோபத்தில் நான் அழவில்லை.

காலம் ஓடி, எனக்குக் கல்யாணமாகி, என் மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்குக் கண் மஞ்சளித்தது. துணியில் அதே காப்பிக் கறை. நான் அலறிய அலறலில் டாக்டரே பயந்துவிட்டார். ஒரு சின்னக் கேள்விதான் கேட்டார்.

"பாச்சை உருண்டை போட்டு வெச்ச துணி எதையாவது போட்டீங்களாம்மா?"

போட்டிருந்தேன். எனக்குத்தான் அந்த வாசனை பிடிக்குமே. சில பேருடைய சிவப்பு அணுக்களுக்குப் பிறவியிலேயே ஒரு பலம் குறைவு என்றும், மற்றபடி சுகமாக இருப்பார்கள், அந்த உருண்டையின் நெடியோ சில மருந்துகளோ பட்டால் மட்டும் அணுக்கள் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும் என்றும், தாய்வழியில் ஆண் பிள்ளைகளுக்கு வரும் என்றும் அவர் விளக்கினார். துணியை மாற்றினோம், மகன் தேறினான். எனக்குத் தம்பியைப் போர்த்திய சால்வை நினைவுக்கு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பெரியம்மா கண்ணில் ஒன்றுமில்லை. அவள் கொண்டுபோன பெட்டியில்தான் இருந்தது எல்லாம். அவள் உயிரோடு இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. அந்தச் சால்வையை முதலில் போர்த்தியது அவள் பிள்ளைக்கு. அதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டியிருக்கும்?

இவ்வளவு தெரிந்த பிறகும், அவள் அன்று திரும்பிப் பார்க்காமல் போனது மட்டும் எனக்கு ஆறாமலே இருந்தது. பேரன் பேத்தி எடுத்த வயதில், ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது விளங்கியது. அத்தை சொன்னதை எல்லோருக்கும் முன்னால் நம்பியவள் பெரியம்மா. தான் ஆசையாகப் பார்த்ததெல்லாம் வாடிப்போகும் என்று நம்பினாள். அவள் ஆசையாகப் பார்ப்பதற்கு அப்போது இந்த உலகத்தில் மிச்சமிருந்தது, தெருமுனையில் நின்று கத்திக்கொண்டிருந்த நான் ஒருத்திதான்.