இருபத்திரண்டாம் மாடி அக்கா

அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் நாங்கள் குடியிருக்கும் உயரமான கட்டடத்தின் இருபத்திரண்டாம் மாடியில் ஓர் அக்கா இருந்தார். நைட்டிக்கு மேல் கணவரின் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வருவார். லிஃப்டில் யார் ஏறினாலும், நாயோடு வரும் வெள்ளைக்காரரானாலும், "என்ன, சாப்டாச்சா?" என்று தமிழிலேயே கேட்பார். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள். அங்கே வாயைத் திறக்கவே பயப்படுவேன்.

ஒருநாள் லிஃப்டில் என் மகளிடம், "என்னடி, இன்னைக்கு டேகேர்ல யாரைக் கடிச்ச?" என்றார்.

"நான் கடிக்கல ஆன்ட்டி, அவன்தான் என்னைக் கடிச்சான்!" என்று அவள் கையை நீட்டிக் காட்டினாள். முழுக்கத் தமிழில். எனக்கு வயிறு எரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை தமிழ்ல பேச மாட்டாக்கா."

"நீ அவகிட்ட எதுல பேசுவ?"

"தெரிஞ்ச இங்கிலீஷ்லதான். என்னை மாதிரி ஆயிடுவாளோன்னு பயம்."

"எனக்கு அந்த இங்கிலீஷும் வராதே. பாவம், என்கிட்ட பேச அவளுக்கு வேற வழியில்ல!" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

வீட்டுக்குள் வந்ததும், "யாருடி உன்னைக் கடிச்சது?" என்று நானும் தமிழில் கேட்டேன்.

"ஐ டோல்ட் ஆன்ட்டி, மாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் அந்த அக்கா உள்ளே இருக்கக் கூடாது என்று நினைப்பேன். அவர் இல்லையென்றால் மகள் தமிழ் பேசுவதைக் கேட்க முடியாதே என்ற கவலையும் கூடவே வரும்.