பெரியப்பா தாண்டிய கால்

என் பெரியப்பா நடக்க மறந்துபோனவர் என்றுதான் ஒன்பது வயதில் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். வாசல்படிக்கு வந்ததும் நின்றுவிடுவார். கை நடுங்கும், பாதம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "காலை எடுங்கண்ணே" என்று அப்பா சொல்லச் சொல்ல இன்னும் இறுகும். "நானும் சொல்லிப் பாத்தாச்சு. அது கேக்கணும்லா?" என்பார், அடங்காத மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒருநாள் முற்றத்தில் ஓட்டாஞ்சில்லால் கட்டம் கீறிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா கட்டத்துக்குப் பக்கத்தில் வந்து சிக்கிக்கொண்டார். கோடுகளைப் பார்த்தார். டக்கென்று முதல் கோட்டைத் தாண்டினார். அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாவற்றையும் இளந்தாரிபோலத் தாண்டிவிட்டு, கோடு முடிந்த இடத்தில் மறுபடியும் நின்றார். "ஏட்டி, இனி கட்டம் இல்லியா?"

தானாக நினைத்து எடுக்கிற அடிக்கு மூளையில் ஒரு ஏற்பாடு, கண்ணோ காதோ கூப்பிட்டு எடுக்கிற அடிக்கு வேறொரு ஏற்பாடு, முதலாவது கெட்டாலும் இரண்டாவது கைகொடுக்கும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அன்று தெரிந்தது ஒன்றுதான்: கோடு போட்டால் பெரியப்பா நடப்பார். கோடு போடுவது என் உத்தியோகமாயிற்று.

அந்த ஆவணியில் பெரியப்பாவின் ஒரே மகளுக்கு, என் அக்காவுக்கு, கல்யாணம். பெண்ணின் அப்பாவுக்கு ஏதோ தீனமாம், பரம்பரைத் தீனமோ என்னவோ என்று மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. தாரைவார்த்துக் கொடுக்க அவர் எல்லோர் முன்பும் மணவறைக்கு நடந்து வரவேண்டும். அப்பா தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் பார்த்தார்.

"எனக்க மவள நாந்தான் புடிச்சுக் குடுப்பேன். நீ உனக்க மவளுக்குக் குடு," என்று ஒரே போடு.

கல்யாணத்தன்று காலையிலேயே நான் வாசலிலிருந்து மணவறைவரை பச்சரிசி மாவால் குறுக்குக் கோடுகள் போட்டுவைத்தேன். காற்றைத்தான் மறந்துவிட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓடுகிற காற்று, போகிற போக்கில் என் கோடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று.

பெரியப்பா வாசலில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள். சம்பந்தி வீட்டுக் கழுத்துகள் நீண்டன.

நான் ஓடினேன். "கோடு எங்க மக்கா?" என்றார் மெதுவாக.

"காத்து கொண்டு போச்சு, பெரியப்பா."

வேறு வழி தோன்றவில்லை. அவர் பாதத்துக்கு முன்னால் என் காலைக் குறுக்கே நீட்டினேன்.

"ஏட்டி! பெரியவங்களுக்குக் குறுக்கயா கால நீட்டுக?" என்று பெரியம்மா பாய்வதற்குள் அவர் தாண்டிவிட்டார். மறுகாலை நீட்டினேன், அதையும் தாண்டினார். நான் பின்னுக்கு நகர நகர, அவர் தாண்டித் தாண்டி மணவறைக்கே வந்து சேர்ந்தார். அக்காவின் கையை அவரே பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"இது என்ன வழக்கம்?" என்று சம்பந்தியம்மா கேட்டாள். "எங்க குடும்பத்துல பிள்ளைக்க கால தாண்டிவந்துதான் பொண்ணு குடுக்கது," என்றார் அப்பா, முகம் மாறாமல். பிறகு அவர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் ஒரு பிள்ளையைக் காலை நீட்டவைத்தார்களாம்.

சாயங்காலம் அக்காவின் வில்வண்டி புறப்பட்டது. திருப்பத்தில் அது மறைந்த பிறகும் பெரியப்பா தெருவிலேயே நின்றார். நான் ஓடிப்போய்க் காலை நீட்டினேன். தாண்டவில்லை. மறுகாலை நீட்டினேன்.

"வேண்டாம் மக்கா. நீ போ."

எனக்குப் பெருத்த அவமானம். "எனக்க வித்தை பலிக்கல்ல, பெரியப்பாக்க கால் மறுபடியும் புடிச்சுக்கிட்டுது" என்று அப்பாவிடம் போய் அழுதேன். அப்பா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அந்த ஒரு தடவை அந்தக் கால், பெரியப்பாவின் சொல்பேச்சைக் கேட்டுத்தான் நின்றது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.