நிவேந்திரனின் கட்டை விரல்கள்

நிவேந்திரன் ஆயுளில் ஒரு தடவைகூடக் கப்பல் ஏறியதில்லை. படகைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டும். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை, விடுமுறை நாளில் அலோர் காஜா கல்யாணங்களில் கீபோர்டு. படக்காரர்கள் அவனைத்தான் தேடி வந்தார்கள்.

அந்தக் காலத்துக் கப்பலில் பியானோ வாசிக்கும் ஒரு மேதையின் கதை அது. அலை தாளம் தப்பி அடித்தால், அவர் வாசிப்பை நிறுத்திவிட்டு மேல்தளத்துக்குப் போய்க் கடலைத் திட்டிவிட்டு வருவாராம். கதாநாயகனுக்கு முகம் இருந்தது, விரல் வரவில்லை. காலிக் கிடங்கு ஒன்றில் கப்பல் கூடம் மாதிரி செட் போட்டு, நிவேந்திரனின் கைகளை மட்டும் படம் பிடித்தார்கள்.

"மூஞ்சி வேணாமாம், கை மட்டும் போதுமாம் லா" என்று மனைவி பவானேஸ்வரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

படம் வருவதற்குள் தஞ்சோங் கிளிங் சாலையில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டுவிட்டது.

குளிப்பாட்டிக் கிடத்தியதும், வழக்கப்படி கைக் கட்டை விரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். எரிப்பதற்கு முன் அதை அவிழ்த்துவிட வேண்டும். மயானத்தில் நேரம் குறித்திருந்தது, சாலையில் நெரிசல், ஆளாளுக்கு அவசரம்.

திரும்பி வந்தவர்களிடம் பவானேஸ்வரி கேட்டாள்: "கைக்கட்ட அவுத்தீங்களா?"

அத்தனை ஆம்பிளைகள் போனார்களே, ஒருவனுக்குக்கூடவா ஞாபகம் வரவில்லை!

அன்றிலிருந்து அந்த வீட்டில் கீபோர்டு கேட்டது. வேலை முடிந்து வந்து அவள் அடுப்பைப் பற்றவைத்ததும் ஆரம்பிக்கும். அவன் வாசிக்கும் மெட்டுதான், ஆனால் கட்டை விரல் விழவேண்டிய இடமெல்லாம் ஓட்டை. பிளக்கைப் பிடுங்கினாள், துணி போட்டு மூடினாள், நிற்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. அதைவிட, பாவம் மனுஷன் இப்படித் தடுமாறுகிறானே என்றிருந்தது. மாமியார் ராமாத்தாளுக்கும் அது கேட்டதா என்று தெரியவில்லை. கிழவி அந்த அறைப் பக்கமே போவதில்லை. சோற்றில் கை வைத்ததும் எழுந்துவிடுவாள்.

படம் வெளிவந்தது. அந்த விரல்கள் கட்டில்லாமல் ஓடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்தச் சத்தம் அடங்கிவிடும் என்று பவானேஸ்வரி நம்பினாள்.

"வருஷம் திரும்பல. தீபாவளியே கும்புடாத வீடு, படத்துக்குப் போவுமா? ஊரு என்னா பேசும்?" என்றாள் ராமாத்தாள்.

"படத்துக்குப் போகல அத்தை. அவரப் பாக்கப் போறேன்."

தியேட்டரில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புயல் காட்சியில் பியானோ கூடம் முழுக்க உருண்டது, மேதை நாற்காலியோடு துரத்திக்கொண்டே வாசித்தார். அப்போது திரை நிறையக் கைகள் வந்தன. அவன் கைகள்தான். கதவிடுக்கில் நசுங்கிக் கறுத்த நகம்கூடத் தெரிந்தது. நான்கு நான்கு விரல்களும் பறந்தன. கட்டை விரல்கள் மட்டும் திரைக்குக் கீழே எங்கேயோ நின்றுவிட்டன. அவள் தன்னையறியாமல் குனிந்து கீழே பார்த்தாள். அதற்குள் காட்சி மாறிவிட்டது.

வீட்டு வாசலிலேயே ராமாத்தாள் காத்திருந்தாள்.

"கட்ட வெரலு?" என்று மட்டும் கேட்டாள்.

கிழவிக்கும் அந்த வாசிப்பு கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"நல்லா ஓடுச்சு அத்தை. ரெண்டும் தனித்தனியா."

கிழவி உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "யாரு என்னா பேசுனாலும் பேசட்டும். நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ."

"இன்னியோட படத்தத் தூக்கிட்டாங்க அத்தை."

ஆனால் படம் வியாழக்கிழமை வரை ஓடியது. பவானேஸ்வரி யாரிடமும் சொல்லாமல் தினமும் போய்ப் பார்த்தாள். தினமும் குனிந்தாள்.