அத்தை சொல்லாத வார்த்தை

ஸ்ரீரங்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தலைவர் சட்டென்று நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அந்த மௌனத்தில் மைக் மட்டும் கொரகொரத்தது. ஜீயபுரத்தில் சின்ன வயதில் கேட்ட அதே சத்தம்.

அன்றைக்கு அத்தையின் மூத்த மகனை எல்லையிலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். பந்தல் முழுக்க ரோஜா மாலையும் ஜெனரேட்டர் புகையும் கலந்த நெடி. அழுதழுது அத்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது. அஞ்சலி செலுத்த வந்திருந்த ஒரு தலைவர் குரல் தழுதழுக்க மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் தாய் என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னொரு மகனும் இருக்கான், அவனையும் நாட்டுக்குத் தர்றேன்னாங்க!"

ஊரே கைதட்டியது.

"நான் எதுவுமே சொல்லலையேடி," என்று அத்தை என் கையைப் பிடித்தாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

அதன்பிறகு டீக்கடையிலும் பஸ்ஸிலும் சின்னவனைக் கண்டவர்களெல்லாம், "எப்ப தம்பி கிளம்புறே?" என்றார்கள். கேட்டுக் கேட்டே அனுப்பிவைத்தார்கள். அவனும் பெட்டியில்தான் திரும்பினான். அன்றைக்கு எந்தத் தலைவரும் வரவில்லை.

டிவியில் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மகனை இழந்த அந்தத் தாய் என்னிடம் சொன்னார்..." என்று மறுபடி ஆரம்பித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னொரு பையன் இருக்கானாடி?"