எட்டு மணி மாத்திரை

பொன்னுத்தங்கத்தின் வீட்டில் இன்றைக்கும் காலை எட்டு மணிக்கு ஒருவன் இருமுகிறான். அவன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவளுடைய புருஷன் சோணைமுத்துதான். மகளுக்குக் கேட்கவில்லை, பக்கத்து வீட்டாருக்குக் கேட்கவில்லை, அவளுக்கு மட்டும் கேட்கிறது. கேட்டதும் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் மோந்து கட்டில் பக்கத்தில் வைக்கிறாள். பிறகு வேலைக்குக் கிளம்புகிறாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. முப்பத்தொரு வருஷம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்து, மைக்ராஸ்கோப்பில் ஊரார் சளியைப் பார்த்து ரிட்டயர் ஆனவன். ஆனாலும் அந்த இருமலை நான் சந்தேகப்படவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக்குத் தெற்கே அவள் ஊர். அப்பா அம்மா காட்டு வேலைக்குப் போனவர்கள், பிறகு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். அந்தத் தெருவில் பன்னிரண்டாவது தேறிய முதல் பெண் பொன்னுத்தங்கம். அங்கன்வாடியில் வேலை கிடைத்தது. எல்லோருக்கும் அவள் 'பால்வாடி டீச்சர்'. டிபி நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. நோயாளி அவள் கண் முன்னால் முழுங்க வேண்டும். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

அதற்கு முன்னால் அந்தத் தெருவில் யாருக்கு இருமல் வந்தாலும் கோடாங்கிதான். அவர் உடுக்கை அடித்து, இன்ன முனி, இன்ன பேச்சி என்று சொல்லுவார். சேவல் அறுப்பார்கள். ஆள் செத்துப் போவான். பொன்னுத்தங்கம் இதோடு மல்லுக்கு நின்றாள். ஒருநாள் நான்கு பெண்களை என் அறைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

"சார், இவளுகளுக்கு அந்தக் கிருமியக் காட்டுங்க. இல்லேன்னா நம்ப மாட்டாளுக."

காட்டினேன். நீலத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள். அவளும் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாள்.

"தீக்குச்சி கணக்கா இருக்கு சார்!" என்றாள். "இம்புட்டுக் குச்சிதானா ஆளையே பொசுக்குது?"

அன்று முதல் கிருமி அவளுக்குக் குலதெய்வம் மாதிரி ஆகிவிட்டது. அவளை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான். வைத்தியத்தின் சரித்திரமே இதுதான். வாந்திபேதி வந்தால் காளியின் கோபம் என்றார்கள் நம் ஆட்கள். வெள்ளைக்காரன் மட்டும் என்ன கிழித்தான்? கெட்ட காற்று என்றான். மலேரியா என்ற பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். பிறகு தண்ணீர் என்றார்கள், கொசு என்றார்கள், கிருமி என்றார்கள். ஒவ்வொரு தடவையும் இதுதான் முடிவு என்று சத்தியம் செய்தார்கள். புது உண்மை கையில் கிடைத்தவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

ஊர்க்காவலன் என்று ஒரு நோயாளி. பட்டாசுக்குத் தாள் சுற்றுகிறவன். மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது என்று நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, தெரு திரும்பியதும் துப்பிவிடுவான். அந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும். அதைச் சீசாவில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னாள் பொன்னுத்தங்கம். சிவப்பாகத்தான் கொண்டுவந்தான். ஆனால் ஆள் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தான். பட்டாசுச் சரத்துக்குச் சுற்றுகிற சிவப்புக் கிரேப் பேப்பரை ஒரு துண்டு கிழித்துச் சீசாவில் போட்டுக் குலுக்கியிருக்கிறான். தண்ணீர் பட்டால் சாயம் கழன்றுவிடுமே. அவன் பெண்டாட்டி சொல்லித்தான் வெளியே வந்தது. இப்படி ஒரு திருட்டுத்தனம் எங்கள் பகுதிக்காரனுக்கு மட்டும்தான் தோன்றும். கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பொன்னுத்தங்கம் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் யாரையும் நம்புவதை நிறுத்திக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் சோணைமுத்து இருமத் தொடங்கினான்.

அவன் பட்டாசுப் பக்கமே போகாதவன். மச்சினன் ஒரு விபத்தில் கருகியதைப் பார்த்த பிறகு, உயிர் இருந்தால் போதும் என்று வெம்பக்கோட்டைப் பக்கம் ஜல்லி உடைக்கிற ஒரு கிரஷருக்குப் போய்விட்டான். பதினாறு வருஷம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் கூட வெள்ளையாக இருக்கும். சூப்பர்வைசர் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார். வெல்லம் தின்றால் உள்ளே போன தூசி வயிற்றோடு போய்விடும் என்று முதலாளி முதல் லோடுமேன் வரை எல்லோரும் நம்பினார்கள். சோணைமுத்து அந்த வெல்லத்தில் பாதியை மகளுக்கு மடியில் கட்டிக்கொண்டு வருவான்.

மகன் இருமுவதைப் பார்த்து அவன் தாய் இருளம்மாள் சொன்னாள்: "ஏலே, அந்த மலைல முனி இருக்குடா. அவன் இருக்குற எடத்தப் போயி ஒடச்சா சும்மா விடுவானா? மலைதான்டா ஒன் நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கு."

"அத்தே, வாய மூடுங்க. அது கிருமி," என்றாள் பொன்னுத்தங்கம்.

இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. படித்த எங்கள் அத்தனை பேரிலும் மலையின் பக்கம் திரும்பிப் பார்த்தவள் அந்தக் கைநாட்டுக் கிழவி ஒருத்திதான்.

சோணைமுத்துவின் சளியை மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் ஒரு கோடு கூட இல்லை. நெகட்டிவ் என்று எழுதினேன். எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்கப் புள்ளி புள்ளியாக நிழல் இருந்தது. எங்கள் ஊரில் நெஞ்சில் நிழல் இருந்தால் டிபிதான். ஆறு மாதம் மாத்திரை எழுதினார்கள். குறையவில்லை. மறுபடி ஆறு மாதம் எழுதினார்கள்.

தினமும் காலை எட்டு மணிக்குப் பெண்டாட்டி கையால் மாத்திரை. வாயைத் திறப்பான், நாக்கைத் தூக்குவான். "முழுங்கிட்டேன், பாரு தங்கம்" என்று சிரிப்பான். முதல் ஆறு மாதம் அவளும் சிரித்தாள். இரண்டாவது சுற்றில் அவன் நான்கு எட்டு வைத்தால் மூச்சு வாங்கி உட்காருகிற நிலைக்கு வந்ததும் அவள் முகம் மாறியது. மாத்திரை பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொல்கிறவன் புருஷன். தெருப் பெண்கள் வேறு, ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி தான் போய்க் கழனிப்பானையில் விழுந்துச்சாம் என்று ஜாடை பேசினார்கள்.

சீசாவில் பிடித்துத் தரச் சொன்னாள். கொடுத்தான். நல்ல சிவப்பு. அதைப் பைக்குள் மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், இது மாத்திரையாலதானா, இல்ல கிரேப் பேப்பரான்னு பாத்துச் சொல்லுங்க."

வெளியே நாற்பது பேர் நின்றார்கள். நான் சீசாவைக் கையில்கூட வாங்கவில்லை. "சிவகாசியில செவப்பா இருந்தா கிரேப் பேப்பர்தான் டீச்சர்," என்று சொல்லிச் சிரித்தேன். வேலிக்கு ஓணான் சாட்சி. அவளுக்கு இருந்தது சந்தேகம். அதற்கு முத்திரை குத்தியவன் நான்.

மறுநாள் பால்வாடி வாசலில் பத்துப் பேர் பார்க்க அவனை நிறுத்தினாள். வாய்க்குள் விரலை விட்டுத் தேடினாள்.

"எங்கிட்டயே வேலையக் காட்டுறீகளா? குடிகாரனக்கூட நம்பலாம், ஒங்கள நம்ப முடியாது. நீக சாகுறதுன்னா சாவுங்க, என் பேரக் கெடுத்துட்டுச் சாகாதீக."

"எத்தன தடவ சொல்றது தங்கம், முழுங்குனேன்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். சண்டை போடத் தெரியாத மனிதன்.

அதன் பிறகு ஐந்து மாதம் அவள் அவனோடு பேசவில்லை. காலை எட்டு மணிக்கு மட்டும் இரண்டே வார்த்தை. வாயத் திறங்க. அவன் திறப்பான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வயசான டாக்டர், எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு வைத்தியர், நோயாளியிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள் என்று எழுதி வைத்துவிட்டுச் செத்துப் போனார். கல் வேலை செய்கிறவர்களின் மூச்சைப் பற்றியும் எழுதினார். என் மேஜைக்கு வந்த சீட்டில் பெயர் இருந்தது, வயது இருந்தது, ஊர் இருந்தது. தொழில் என்று ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் மட்டும் படித்திருப்பேனா? எரிச்சல் அந்தச் சீட்டின் மேல் வருகிறது. அது என் மேல் வரவேண்டியது.

கல் தூசி என்றார் டாக்டர். நுரையீரலில் படிந்து, அதைப் புண்ணாக்கி இறுக்கிவிட்டது. இவருக்கு டிபி இருந்த மாதிரியே தெரியவில்லை. இதற்கு மாத்திரை கிடையாது. பொன்னுத்தங்கம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாளாம். "அப்ப முழுங்கியிருந்தாலும் கொறஞ்சிருக்காதா?" டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் பேச வாயெடுத்தாளாம், வார்த்தை வரவில்லையாம். பதினோராம் நாள் சோணைமுத்து போய்ச் சேர்ந்தான்.

நோய் எதனால் என்று தெரிந்துவிட்டது. அவன் பொய் சொன்னானா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை. பொய் சொல்லியிருந்தால் அவள் கோபத்துக்கு ஒரு நியாயமாவது மிஞ்சும். காரியம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு இருமல் கேட்க ஆரம்பித்தது.

இப்போது யார் இருமினாலும் அவள் முதலில் கேட்பது, "என்ன வேலை பாத்தீக? எம்புட்டு வருசம்?" தன் நோட்டில் பேனாவால் ஒரு கோடு இழுத்து அதற்கென்று தனிக் கட்டம் போட்டிருக்கிறாள். கிரஷர் ஆட்கள் இரண்டு பேரை அவளே மதுரைக்குக் கூட்டிப் போனாள். இதெல்லாம் நல்ல காரியம்தான். எட்டு மணி இருமல் அதற்காக நிற்கவில்லை.

போன தையில் இருளம்மாள் இறந்தாள். மாசியில் ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு, விருதுநகரில் என் வீட்டுக்குப் பொன்னுத்தங்கம் வந்தாள். மஞ்சப் பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து மேஜையில் விரித்தாள். பழைய வெள்ளை வேட்டியில் கையால் தைத்தது.

"அத்தையோட டிரங்குப் பொட்டியில இருந்துச்சு சார். எங்க வீட்டுக்காரரு தலவாணி. நான் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொன்னேன். பெத்தவ இத மட்டும் ஒளிச்சு வச்சிருக்கா. தொவைக்கக்கூட இல்ல."

ஒரு ஓரத்தில் மட்டும் மங்கலான ஆரஞ்சுக் கறை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை நனைந்து காய்ந்த கறை. சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கண் வருகிற இடம்.

"டிரெய்னிங்ல ஒண்ணுக்கு மட்டுந்தான் செவக்கும்னாக," என்றாள். "வேற எதுவும் செவக்குமா சார்?"

எனக்குப் பதில் தெரியும். என்றைக்கோ படித்தது. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. ஒரு நிமிஷம், தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. கையாலாகாத பயல் நான். ஆனால் இரண்டாவது தடவையும் பார்க்காமல் பதில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிரேப் பேப்பர்ச் சாயம் ரோஸ் அடிக்கும். இது அது இல்லை.

"வேர்வை செவக்கும் டீச்சர்," என்றேன். "கண்ணீரும் செவக்கும்."

அவள் அந்தக் கறையை விரலால் தடவினாள். "அப்ப முழுங்கியிருக்காக," என்றாள். விரலை எடுக்காமல், "அழுதிருக்காக," என்றாள்.



"அன்னைக்கு அந்தச் சீசாவ ஒரு தடவ கையில வாங்கிப் பாத்திருக்கலாம்ல சார்?"

அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் உறையை மடித்துப் பைக்குள் வைத்து, வாசல்வரை போய் நின்றாள்.

"காலைல தண்ணி வைக்கிறப்ப தெனமும் பழக்கத்துல சொல்லிருவேன் சார், ஆறு வருசமா. வாயத் திறங்கன்னு," என்றாள். "இனி சொல்ல மாட்டேன்."