அண்ணன் சார்பில் ஒரு கையெழுத்து

எங்கள் தெருவில் என் மனைவிக்குப் ‘பவர் அம்மா’ என்று பெயர். யாரையோ உருட்டி மிரட்டுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருந்த அவள் அண்ணன், இங்கே இருக்கிற தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள அவள் பேரில் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். வரி கட்டவோ, வாடகைக்கு விடவோ, விற்கவோ அவர் சார்பில் இவள் கையெழுத்துப் போடலாம். வீடு அவருடையது, அதற்காக நாயாய் அலைவது இவள். இன்றைக்கு அந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

பகலெல்லாம் இவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். வேலை முடிந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கீழ்வீட்டுக்காரர் மோட்டார் ஓடவில்லை என்பார், மாடிக்காரர் குளியலறைச் சுவர் ஊறுகிறது என்பார். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று லாரிக்காரனை வேலை வாங்கியவளும் இவள்தான். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிற பாவத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள்.

“உங்கண்ணன் வீட்டு மோட்டாருக்கு நான் என்ன நேர்ந்து விட்ட ஆளா?” என்று கத்துவேன்.

“கத்திக்கிட்டே ஸ்குரூவக் கழட்டுங்க,” என்பாள்.

மச்சான் நல்ல மனுஷன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். “என்னம்மா, என் வீடு உன் உயிர வாங்குதா?” என்று கேட்டுச் சிரிப்பார். அந்த ஒரு சிரிப்புக்காக இவள் வாரம் முழுக்க ஓடுவாள். அவர் பெண்டாட்டியும் பிள்ளையும் வேறு ரகம். காரியம் ஆகவேண்டும் என்றால் பையன் வாயில் ‘அத்தை அத்தை’ என்று தேன் ஒழுகும். ஆகிவிட்டால் போனை எடுக்கமாட்டான்.

வீட்டை விற்றுவிடலாம் என்று அங்கே முடிவானது. வாங்க வந்தவர் ஒரு பஸ் மெக்கானிக். பேச்சு முடிந்து, பத்திரம் தயாராகி, பதிவுக்கு நாளும் வாங்கியாயிற்று. அப்போது பார்த்து மச்சானிடமிருந்து போன் வருவது நின்றது. பையன்தான் பேசினான்.

“அப்பாவுக்குத் தொண்டையில சின்ன ஆபரேஷன் அத்தை. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“பேச வேணாம்டா. வீடியோவுல முகத்தக் காட்டு. வித்துடலாம்னு தலைய ஆட்டச் சொல்லு, போதும். அவருக்குத் தெரியாம அவர் வீட்ட நான் எப்படி விப்பேன்?”

“தூங்கறாரு அத்தை.”

எப்போது கூப்பிட்டாலும் தூங்கினார். எனக்கு எங்கேயோ இடித்தது. “முகத்தப் பாக்காம கையெழுத்துப் போடாதே,” என்றேன். இவளும் போடுவதில்லை என்றுதான் இருந்தாள். பதிவுக்கு முந்தின நாள் மச்சான் நம்பரிலிருந்தே மெசேஜ் வந்தது. ‘பேச முடியலம்மா. எனக்காகப் போய் முடிச்சுக் குடு. நீ இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்.’ அதைப் படித்துவிட்டு இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் என் பேச்சு எடுபடுமா?

பதிவு அலுவலகத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள், தலைக்கு மேலே முனகிக்கொண்டு ஒரு ஃபேன். எங்கள் முறை வந்ததும் அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“பவர் குடுத்தவர் உயிரோட இருக்காரா?”

“இருக்காரு சார். பேசத்தான் முடியல.”

கேட்கவேண்டியது அவர் வேலை. பவர் கொடுத்தவர் செத்துப்போனால் அந்த நிமிஷமே பவரும் செத்துப்போகும். அதற்குப் பிறகு போடுகிற கையெழுத்து செல்லாது, போட்டவர் மேல்தான் வழக்கு வரும். இவள் ‘உயிரோடு இருக்கிறார்’ என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டாள். பத்திரத்தில் அண்ணன் சார்பில் பக்கத்துக்குப் பக்கம் போட்டாள், விரலை மையில் ஒற்றி வைத்தாள். மெக்கானிக்கின் மனைவி சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அண்ணன் நம்பருக்கு, ‘முடிஞ்சுதுண்ணா’ என்று அனுப்பினாள். உடனே பதில் வந்தது. ‘ரொம்ப சந்தோஷம்மா.’

பணம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பையன் கூப்பிட்டான். “அத்தை, மனசத் தேத்திக்குங்க. அப்பா தவறிட்டாரு.”

இவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ! முகத்தக் காட்டுடா, ஒரே ஒரு தடவ பாத்துக்கறேன்.”

“அடக்கமெல்லாம் முடிஞ்சுது அத்தை.”

“எப்படா?”

“பதிவுக்கு முன்னாடியே. சொன்னா நீங்க கையெழுத்துப் போடமாட்டீங்கன்னு அம்மாதான்... அப்புறம் வாரிசு சர்ட்டிஃபிகேட் அது இதுன்னு இழுத்துடும். நீங்க ஃபீல் பண்ணாதீங்க.”

“அப்ப அந்த மெசேஜு?”

“நான்தான் போட்டேன்.”

நாக்கு கூசாமல் சொன்னான். அப்பன் போனை எடுத்து, அப்பன் மாதிரியே ‘ம்மா’ போட்டு எழுதியிருக்கிறான். சீ! அந்தக் கழிவுநீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்றபோதுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை. அண்ணன் போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாவி மகள் அழுதாவது தீர்த்திருப்பாள். அதற்குக்கூட விடாமல் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அண்ணி போனை வாங்கினாள். “இதப் பெரிசு பண்ணாதே. மாட்டினா முதல்ல நீதான் உள்ள போவே. உயிரோட இருக்காருன்னு எழுதிக் குடுத்தது நீதானே?” புருஷனைப் புதைத்த ஈரம்கூடக் காயாத வாய் இப்படிப் பேசியது.

மறுநாள் இவள் கடைக்குப் போகவில்லை. “கிளம்புங்க, பதிவு ஆபீசுக்கு,” என்றாள்.

“மாட்டிக்குவடி. கொஞ்சம் யோசி.”

“அந்த மெக்கானிக் பொண்டாட்டி அங்க சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டிருக்கா. நாளைக்கு அவங்க தெருவுல நிக்கறத நான் பாக்கணுமா? எங்கண்ணன் பேர்ல திருட்டு நடந்திருக்கு. என் கையால நடந்திருக்கு.”

நான் வண்டியை எடுத்தேன்.

அதிகாரி முழுக்கக் கேட்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, தேவையா இது? யாருக்குத் தெரியப்போகுது? பேசாம வீட்டுக்குப் போங்க.” அந்த ஆளின் மூஞ்சியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“எழுதிக்கங்க சார்,” என்றாள் இவள்.

பெருமூச்சு விட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். “இறந்த தேதி?”

இவள் என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அங்கேயே பையனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“உங்கப்பா என்னிக்குடா போனாரு?”

“எதுக்கு அத்தை கேக்கறீங்க?”

“எங்கண்ணன் போன நாள் எனக்குத் தெரிய வேணாமாடா?”

அந்தப் பக்கம் குசுகுசுவென்று சத்தம். அம்மாவைக் கேட்கிறான். பிறகு சொன்னான், “யார் கேட்டாலும் பதிவுக்கு மறுநாள்னு சொல்லிடுங்க அத்தை. நமக்கு அதான் சேஃப்.”

அதிகாரியின் பேனா நின்றது. இவள் போனை மேஜைமேல் வைத்தாள். “கேட்டீங்கல்ல சார்? அதையும் எழுதுங்க.”

எழுதினார். இப்போது வழக்கு நடக்கிறது. அண்ணி சொன்ன மாதிரியே முதல் பெயர் இவளுடையதுதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் வரத் தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வக்கீல் சொல்லிப் பார்த்துவிட்டார். இவள் கேட்பதாக இல்லை. கடையில் லீவு சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

“அங்கேருந்து டெத் சர்ட்டிஃபிகேட் வரும்ல? அதுல தேதி இருக்கும்,” என்கிறாள்.

அண்ணன் செத்த நாள் எது என்று தெரிந்துகொள்ள, கோர்ட்டில் குற்றவாளியாகப் போய் உட்கார்ந்திருக்கிறாள்.