அடுக்களைக்கு ஒரு ஸ்பீக்கர்

காது மந்தமாகத் தொடங்கும் வயதில்தான் எனக்குத் துல்லியமாகப் பாட்டுக் கேட்கும் ஆசை வந்தது. இணையத்துப் பண்டிதர்கள் சொன்னபடி இரண்டு ஸ்பீக்கரையும் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, என் நாற்காலியைப் பார்த்து லேசாகத் திருப்பி வைத்தேன். பாடகர் கூடத்தின் நட்டநடுவில் வந்து நின்றார். ஒரே நிபந்தனை, நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கக் கூடாது; எழுந்தால் அவர் ஏதாவது ஒரு ஸ்பீக்கருக்குள் போய்விடுவார்.

தச்சநல்லூர் வீட்டில் அப்பாவுக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் தெரியாது. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோவில் ஸ்பீக்கர் இரண்டு இருப்பதைக் கண்டதும், ஒன்றைக் கூடத்தில் வைத்தார். மற்றதற்கு நீள ஒயர் இழுத்து, அடுக்களையில் மிளகாய்வற்றல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். தோசை சுடும்போது அம்மாவும் கேட்க வேண்டுமே! ஆனால் அந்தக் கேசட்டுகளில் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் வயலின் மற்றதிலுமாகப் பிரிந்து வரும்.

"ஏட்டி, அங்கன பாட்டு கேக்குதா?"

"இங்கன வயலின் மட்டுந்தான் கேக்குது. பாடுத ஆளு அங்கனயே நின்னுட்டாரு போல."

உடனே அப்பா, அம்மாவுக்குக் கேட்காத வரிகளைத் தானே உரக்கப் பாடுவார்.

"ஐயோ, நீங்க பாடாதீய! வயலினே போதும்" என்பாள் அம்மா. ஆனால் அடுக்களைக் கதவை ஒருநாளும் சாத்தியதில்லை.

அம்மா போன பிறகு, அந்த ஸ்பீக்கரை நான்தான் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். அப்பா முதன்முறையாக ஒரு பாட்டைக் குரலும் வயலினுமாக முழுதாகக் கேட்டார். "நல்லாத்தாம்லே இருக்கு" என்றார். பிறகு, அதைத் திரும்ப அடுக்களையிலேயே வைத்துவிடச் சொன்னார்.

இப்போது என் பாடகர் பிசகாமல் நடுவில் நிற்கிறார். நான் பாடி நிரப்ப ஒரு வரிகூட மிச்சமில்லை.